கோட்டுக்குள் கை

ஜூலை மாதத்து வெக்கையிலும் மடியில் கம்பளிக் கோட்டை விரித்து உட்கார்ந்திருக்கும் இரண்டு இந்தியர்களை அந்த ஏலக்கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒருவருக்கு ஐம்பது வயதிருக்கும். தங்க பிரேம் கண்ணாடி, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. மற்றவனுக்கு முப்பத்திரண்டு. கோட்டு இருவர் மடியிலும் பாதிப்பாதி கிடக்கும். பெரியவரின் இடது கையும் சின்னவனின் வலது கையும் அதற்கடியில் இருக்கும். சின்னவனின் இடது கையில் அறுபத்தொன்று என்று எண் போட்ட அட்டை.

முன்வரிசைக் கிழவி ஒருத்தி ஒருநாள் இடைவேளையில் வந்து, எத்தனை வருஷமாகச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று அன்பாகக் கேட்டாள். கம்பெனியில் சேர்ந்ததைக் கேட்கிறாள் போலும் என்று நினைத்த சின்னவன் சேனாபதி, மூன்றரை வருஷம் என்றான். உங்களைப் பார்த்தால் மனசு நிறைகிறது என்று சொல்லி அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். விஷயத்தை வீட்டில் சொன்னபோது மனைவி எழிலரசி கையிலிருந்த காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"அந்தம்மா கேட்டதுல என்னங்க தப்பு? சனிக்கெழமையானா என்னைய உட்டுப்போட்டு அவரு கையத்தான புடிச்சுட்டு உக்கோந்திருக்கறீங்க."

சிரிப்பு அதோடு நின்றது. அந்தக் கையிலிருந்துதான் கணவன் மனைவி இருவருக்கும் ஒரு கையெழுத்து வரவேண்டியிருந்தது.

சேனாபதி காங்கேயத்துக்குப் பக்கத்து ஊர்க்காரன். அந்த ஊரில் இன்ஜினியரிங் படித்து முடித்த முதல் ஆள். 1995 பிப்ரவரியில் நியூ ஜெர்சிக்கு வந்து இறங்கினான். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில், ரூட் பதினெட்டின் ஓரத்தில், நாற்பது பேரை வைத்து கன்சல்டிங் கம்பெனி நடத்திய பசுபதிதான் அவனுக்கு விசா எடுத்துக் கொடுத்தவர். அந்த விசாவுக்கு ஆறு வருஷம்தான் ஆயுள். அதற்குள் கிரீன் கார்டு மனு ஒரு கட்டத்தைத் தாண்டாவிட்டால் 2001 பிப்ரவரியில் மூட்டை கட்ட வேண்டும். மனுவை அவனாகப் போட முடியாது. இந்த வேலைக்குத் தகுந்த ஆள் அமெரிக்காவில் கிடைக்கவில்லை என்று கம்பெனி முதலாளி இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டு ஆரம்பித்துவைக்க வேண்டும். வக்கீல் தயார் செய்து அனுப்பிய நீலக் கோப்பு பசுபதியின் மேஜையில் பதினான்கு மாதமாகக் கிடந்தது. அதன்மேல் காதுடைந்த ஒரு பழைய குவளை, காகிதம் பறக்காமலிருக்க. எழிலரசி எம்.எஸ்ஸி. வேதியியல். அவளுடைய விசாவில் வேலைக்குப் போகக்கூடாது. அபார்ட்மென்ட் ஜன்னலிலிருந்து பார்க்கிங் லாட்டில் எந்தெந்தக் கார் எத்தனை மணிக்கு வரும் போகும் என்று அவளுக்கு மனப்பாடம்.

ஞாபகப்படுத்தும்போதெல்லாம் பசுபதி, பண்ணிடலாம்பா, நெக்ஸ்ட் வீக் என்பார். கெட்ட மனிதரல்ல. எழிலரசிக்குக் கருக்கலைந்தபோது ஆஸ்பத்திரிக்குக் காரில் கொண்டுபோய் இறக்கியவரே அவர்தான். அவருடைய மனைவி ஷ்யாமளா ஒரு வாரம் ரசம் சாதம் அனுப்பினார். இத்தனையும் செய்த மனிதருக்கு இரண்டு கையெழுத்துப் போட ஏன் கை வரவில்லை என்று சேனாபதிக்கு ரொம்ப நாள் விளங்கவில்லை.

பசுபதிக்கு ஒரு பைத்தியம் உண்டு. சென்னையில் படித்து முடித்தவர், அமெரிக்காவுக்கு வருமுன் இரண்டு வருஷம் இங்கிலாந்தில் ஏதோ தொழிற்சாலையில் பயிற்சியில் இருந்தார். தங்கியிருந்த வீட்டுக்காரம்மா பழுப்பு நிற மண் தட்டில் ஆப்பிள் பை சுட்டுத் தருவாளாம். அந்தத் தட்டு மனதில் ஒட்டிக்கொண்டது. இன்று அவர் வீட்டுக் கூடத்தில் மூன்று சுவர் முழுக்க ஆங்கிலேய மண்பாண்டம்தான்.

முதலில் பார்த்தபோது சேனாபதிக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை. செம்பழுப்பு மண். அதன்மேல் வெண்களியைக் கூழாகக் கரைத்து ஊற்றி, ஈரம் காய்வதற்குள் சீப்பாலோ இறகு நுனியாலோ இழுத்துவிட்ட கோடுகள். மேலே தேன் நிறத்தில் ஒரு பளபளப்பு. அந்த மண்கூழுக்கு ஸ்லிப் என்று பேர். அப்படிச் செய்த பாண்டம் ஸ்லிப்வேர். சில தட்டுகளுக்கு இருநூற்றைம்பது வயது. மற்றவை ஸ்டூடியோ பாட்டரி என்பார் பசுபதி. இருபதாம் நூற்றாண்டில், படித்தவர்கள் சிலர் பட்டணத்தை விட்டுக் கிராமத்துச் சூளைக்குப் போய்ச் சுட்டவை அவை. படித்தவன் எதற்கு மண் பிசையப் போகிறான் என்று சேனாபதி யோசித்தான். அவன் வந்த பாதை நேர் எதிரானது.

மாட்டிக்கொண்டது 1996 தீபாவளியன்று. ஆபீஸ் ஆட்களுக்கெல்லாம் பசுபதி வீட்டில் சாப்பாடு. கூட்டத்தில் பேச ஆள் கிடைக்காமல் அலமாரிப் பக்கம் ஒதுங்கிய சேனாபதி, ஒரு கூஜாவை எடுத்து விரல் முட்டியால் ஒரு சுண்டு சுண்டினான். காதருகே வைத்து இன்னொரு சுண்டு. பின்னால் வந்து நின்ற பசுபதியிடம், சார், இது பிடி உடைஞ்சு ஒட்டுனதுங்க, மேல பெயின்ட் அடிச்சிருக்கறாங்க என்றான். பசுபதியின் முகம் சுண்டிப்போனது. லண்டனிலிருந்து உத்தரவாதச் சீட்டோடு வரவழைத்த கூஜா அது. பழுதுபார்க்கிற ஒருத்தியிடம் கொண்டுபோய் விளக்கில் காட்டினார். பிடி ஒட்டுத்தான். அந்த வாரக் கடைசியில் போன் வந்தது. சேனா, சாட்டர்டே ஃப்ரீயா இருக்கியா?

கல்லூரி விண்ணப்பத்திலிருந்து விசா விண்ணப்பம் வரை, தகப்பனார் தொழில் என்கிற இடத்தில் சேனாபதி விவசாயம் என்றுதான் எழுதியிருக்கிறான். அப்பா கிட்டுசாமிக்கு ஒரு செண்டு நிலமும் கிடையாது. அவர் மாட்டுத் தரகர். கொம்பைச் சீவி வயசை மறைத்த மாடு, எண்ணெய் தடவி சொறியை மறைத்த மாடு, சந்தைக்கு வருமுன் தண்ணீர் காட்டி வயிற்றை நிரப்பிய மாடு எல்லாம் அவர் கண்ணுக்குத் தப்பாது. விற்கிறவன் கை எந்த இடத்தைத் தொடாமல் சுற்றிப் போகிறதோ அங்கே பார்ப்பார். லீவு நாளில் சாப்பாட்டுத் தூக்கோடு சந்தைக்குப் போய் நின்றதில் மகனுக்கும் அது படிந்துவிட்டது. மாட்டுக்கு வேலை செய்கிற கண் மண்ணுக்கும் செய்தது, அவ்வளவுதான்.

கோட்டு விவகாரம் அடுத்த வருஷம் வந்தது. பசுபதி எந்தப் பாண்டத்துக்கு ஆசைப்படுகிறார் என்பது ஏலத்துக்கு வரும் வியாபாரிகளுக்கு அவர் முகத்திலேயே தெரிந்துவிடும். தோள்வழியே சிவப்பு சஸ்பெண்டர் வார் மாட்டிய ஒரு வழுக்கைத் தலை வியாபாரி, வேண்டுமென்றே விலையை ஏற்றிவிட்டு விலகிக்கொள்வான். அதனால் அட்டையை சேனாபதி பேரில் வாங்கி, பசுபதி பக்கத்தில் சும்மா உட்கார்ந்து, இருமிக் காட்டி வழிநடத்தினார். இரண்டு மாதத்தில் வழுக்கைத் தலைக்கு இருமலும் புரிந்துவிட்டது. திரும்பி வரும்போது காரில் பசுபதி புலம்ப, சேனாபதி யோசிக்காமல் சொல்லிவிட்டான்: எங்க சந்தையில துண்டுக்குள்ள கைய விட்டு விரலப் புடிச்சுத்தானுங்க விலை பேசுவாங்க, பக்கத்துல நிக்கறவனுக்குத் தெரியாது.

பசுபதி காரை ஓரம் கட்டிவிட்டார். சொல்லு, எப்படி?

ஒரு விரலைப் பிடித்தால் நூறு. இரண்டைப் பிடித்தால் இருநூறு. ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்நூறு. உள்ளங்கையை நகத்தால் கீறினால் பாதி. கையை உருவிக்கொண்டால் பேரம் முறிந்தது. எதிராளியின் விரல்களை முஷ்டிக்குள் வைத்து மூடினால் பேரம் படிந்தது. அதற்கு மேல் பேச்சில்லை. இதைக் கை முடிவது என்பார்கள். கை முடிந்தபின் மாடு அங்கேயே படுத்துக்கொண்டாலும் வாங்கியவன் ஓட்டிக்கொண்டு போய்த்தான் ஆகவேண்டும். சேனாபதி தன் அப்பாவைப் பற்றி அமெரிக்காவில் முதல்முறையாகப் பேசியது அன்றுதான். கேட்டவர் அப்படிக் கேட்டார்.

துண்டுக்குப் பதில் கோட்டு. ஒன்றரை வருஷம் அவர்கள் வாங்காமல் விட்டது மூன்றே மூன்று.

1998 அக்டோபர் ஏலப் பட்டியலில் நூற்றுப்பதினான்காம் எண்ணாக சைடர் என்கிற ஆப்பிள் மது ஊற்றிவைக்கும் ஒரு ஜாடி வந்தது. முப்பதுகளில் ஏதோ இங்கிலீஷ் கிராமத்துச் சூளையில் சுட்டது. முழங்கால் உயரம், அடுப்புக்கரி நிறம். வயிற்றில் வெண்கூழால் ஒரே வீச்சில் இழுத்த ஒரு மீன். அடியில் குழாய் மாட்ட ஒரு துளை. இதே சூளையின் இன்னொரு ஜாடியைப் பத்து வருஷத்துக்கு முன் நூறு டாலர் வித்தியாசத்தில் விட்டதை பசுபதி இன்றும் ஷ்யாமளாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். காலையில் பார்வைக்கு வைத்திருந்தபோது சேனாபதி குந்தி உட்கார்ந்து சுண்டினான். சத்தம் நெடுநேரம் நின்று ஓய்ந்தது. அடியில் ஒரு சில்லு போயிருக்குதுங்க சார், ஆனா மறைக்காத சில்லு, மத்தபடி சுத்தம் என்றான். பசுபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

விலை எண்ணூறில் தொடங்கி மளமளவென்று ஏறியது. இரண்டாயிரத்தில் மற்றவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். மூவாயிரத்தில் அறுபத்தொன்றாம் அட்டையும் சிவப்பு சஸ்பெண்டரும் மட்டும் மிச்சம். அவன் மூவாயிரத்து இருநூறு என்றான். ஏலம் விடுகிறவர் சேனாபதியைப் பார்த்தார். கோட்டுக்கடியில் பசுபதி இரண்டு விரலைப் பிடித்தார். இன்னும் இருநூறு.

சேனாபதி அட்டையைத் தூக்கவில்லை.

திட்டம் போட்டுச் செய்ததல்ல. முந்தின நாள் வக்கீல் போனில், இந்த வருஷத்துக்குள் போடாவிட்டால் பிறகு போட்டுப் பிரயோஜனமில்லை என்று சொல்லியிருந்தார். அது உள்ளே கிடந்து உறுத்தியது. பசுபதி விரலை மறுபடி அழுத்தினார். அவர் முகம் மட்டும் பழக்கத்தில் கல்லாக இருந்தது. எதிர்வரிசையில் வழுக்கைத் தலை பார்த்துக்கொண்டிருந்தானே.

"என் பேப்பருங்க சார்," என்றான் சேனாபதி, முன்னால் பார்த்தபடி. "திங்கக்கெழமை கையெழுத்துங்க."

கூடத்தில் தமிழ் தெரிந்தவர் வேறு யாருமில்லை. சுத்தியல் மேலே போயிற்று. பசுபதியின் கை சேனாபதியின் விரல்கள் அத்தனையையும் சேர்த்து முஷ்டிக்குள் வைத்து மூடியது. வலிக்கும்படி மூடியது. சேனாபதி அட்டையைத் தூக்கினான். மூவாயிரத்து நானூறில் வழுக்கைத் தலை உதட்டைப் பிதுக்கித் தலையசைத்துவிட்டான்.

ஜாடியைக் காரின் பின்சீட்டில் வைத்து பெல்ட் போட்டுக் கூட்டி வந்தார்கள். வழியெல்லாம் பசுபதி பேசிக்கொண்டே வந்தார். நடுவில் டோனட் கடையில் நிறுத்தி இருவருக்கும் காப்பி வாங்கினார். பேப்பரைப் பற்றி சேனாபதி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. கை முடிந்தபின் எடுப்பது மரியாதையில்லை.

எழிலரசியிடம், முடிஞ்சிருச்சு எழில், கையே முடிஞ்சிருச்சு என்றான்.

"கை முடிஞ்சுது சரிங்க," என்றாள் அவள். "பேனா முடியலையே."

திங்கள் போயிற்று. செவ்வாய் போயிற்று. நீலக் கோப்பின் மேலிருந்த குவளை நகரவில்லை. புதன்கிழமை சேனாபதி அறைக்குள் போய் நின்றான். பசுபதிக்கு விஷயம் ஞாபகம் வரவே கொஞ்ச நேரம் பிடித்தது. வந்ததும் சிரித்தார், ஏமாற்றுகிற சிரிப்பில்லை, நிஜமாகவே வேடிக்கையாகப் பட்டது அவருக்கு.

"என்னப்பா நீ. அது எக்ஸைட்மென்ட்ல பிடிச்சேன். கைய அமுக்கினா கான்ட்ராக்டா?"

"எங்க பக்கம் அதானுங்க சார் கான்ட்ராக்டு."

"இது உங்க பக்கம் இல்லையேப்பா."

சேனாபதி நகராமல் நின்றதைப் பார்த்து பசுபதி நாற்காலியைக் காட்டினார். கதவைச் சாத்தச் சொன்னார். பிறகு, பதினான்கு மாதமாகச் சொல்லாததைச் சொன்னார்.

"உண்மையச் சொல்லட்டுமா சேனா? ராமசுப்ரமணியனுக்குப் போட்டேன். கார்டு வந்த அன்னிக்கு லஞ்சுக்கு அப்புறம் ரிசைன் பண்ணினான். எனக்குக் கோபமே வரல. ப்ரோக்ராமர் போனா இன்னொரு ப்ரோக்ராமர். நீ போயிட்டா சனிக்கிழமை என் பக்கத்துல நான் யாரை உக்கார வெப்பேன்?"

சேனாபதி வெளியே வந்து தன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். திரையில் என்ன இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவனுக்குப் பின்னால் வந்து சேர்ந்த இருவருக்கு, கூடப் படித்தவனுக்கு, எல்லோருக்கும் கையெழுத்து ஆகியிருந்தது. அந்தத் தீபாவளியன்று கூஜாவைச் சுண்டாமல் இருந்திருந்தால் அவனுக்கும் ஆகியிருக்கும். எந்த விண்ணப்பத்திலும் எழுதக் கூசிய தொழில்தான் இந்த ஊரில் அவனுக்கு மதிப்பைக் கொடுத்தது. அதுவே அவனைப் பிடித்துக் கட்டியும் போட்டது.

வேறு கம்பெனிக்கு மாறலாம். மாறினால் புது முதலாளி ஒரு வருஷமாவது பார்த்துவிட்டுத்தான் மனுவில் கை வைப்பார். இரண்டு வருஷத்தில் முடியாது. ஊருக்குப் போகலாம், பையன் அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்துட்டானா, ஏன் என்று தெருவே கேட்கும். இந்த இரண்டையும் அவன் இரவு பகலாக உருட்டிப் பார்த்தான். எழிலரசி மூன்றாவதாக ஒன்று சொன்னாள். நல்ல பாண்டத்தை ஒட்டு என்று சொல்லிவிட்டால் என்ன? ஒட்டை நல்லது என்று வாங்கவைத்தால் என்ன? நாலு தடவை மூக்குடைந்தால் மனுஷன் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார்.

சேனாபதி அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அப்பா எத்தனையோ செய்திருக்கிறார், சுழி சரியில்லாத மாட்டை நல்ல சுழி என்று ஒருநாளும் சொன்னதில்லை என்றான்.

எழிலரசி ஜன்னல் பக்கமிருந்து திரும்பினாள். "பொய் சொல்ல வேண்டாங்க. கையக் குடுக்காதீங்க, அது போதும்."

மறுநாள் அவளே வக்கீல் ஆபீசுக்குப் போன் செய்தாள். பழைய கோப்பில் காப்பி கொட்டிவிட்டது, இன்னொரு செட் அனுப்புங்கள் என்று தன் இங்கிலீஷில் நிதானமாகக் கேட்டு வாங்கினாள். தபாலில் வந்ததை ஏலப் பட்டியல் புத்தகத்துக்குள் வைத்து, கையெழுத்துப் போடவேண்டிய இரண்டு இடத்திலும் மஞ்சள் துண்டுச் சீட்டு ஒட்டினாள். வீட்டில் ஒரே ஒரு ஆங்கிலேயக் குவளை உண்டு. யாரும் கேட்காத அட்டைப்பெட்டிச் சாமானோடு சேர்ந்து வந்ததென்று பன்னிரண்டு டாலருக்கு சேனாபதி தனக்காக எடுத்தது. அதில் பேனா போட்டுவைத்திருந்தாள். நல்லதாக ஒன்றை எடுத்து அவன் சட்டைப் பையில் சொருகிவிட்டாள்.

நவம்பர், தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின சனிக்கிழமை. வெளியே குளிர் வந்துவிட்டதால் அந்தக் கோட்டு கோடைக்குப் பிறகு முதன்முறையாகப் பொருத்தமாக இருந்தது. அன்றைக்கு வந்திருந்தது ஒரு பழைய தட்டு, ஆயிரத்து எழுநூறுகளில் சுட்டது. பழுப்பும் வெண்மையும் இறகு இறகாக ஓடிய பெரிய தட்டு. காலையில் சேனாபதி அதைச் சுண்டிப் பார்த்து, விளிம்பில் ஒரு மயிரிழை விரிசல், அது சூளையிலேயே விழுந்தது, தாராளமாக எடுக்கலாம் என்று உள்ளதை உள்ளபடி சொல்லியிருந்தான்.

தட்டுக்கு முந்தின உருப்படி ஏலத்துக்கு வந்தபோது பசுபதியின் கை கோட்டுக்கடியில் நுழைந்தது. அங்கே ஒன்றுமில்லை. சேனாபதியின் இரண்டு கைகளும் கோட்டின் மேலே, பட்டியல் புத்தகத்தைப் பிடித்தபடி இருந்தன. அட்டை அவன் தொடைக்கடியில். பசுபதியின் கை கோட்டுக்குள் அங்குமிங்கும் தேடுவது மேலிருந்து பார்க்கவே தெரிந்தது. சிவப்பு சஸ்பெண்டர் கழுத்தை நீட்டினான். இரண்டு வருஷமாகத் தன் பேரில் அட்டை வாங்காத பசுபதி, இப்போது கையைத் தூக்கினாலும் செல்லாது.

"சேனா, கைய குடு."

சேனாபதி புத்தகத்தைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினான். மஞ்சள் சீட்டுகள் தெரிந்தன.

"அடுத்தது நம்ம தட்டுப்பா."

"தெரியுங்க சார்." பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி, காகிதத்தின் மேல் வைத்தான். "எங்க பக்கத்து வழக்கம் வேண்டாங்க. உங்க பக்கத்து வழக்கத்துலயே முடிச்சிருங்க."

மேடையில் தட்டைத் தூக்கிக் காட்டினார்கள். எழுநூறு என்று ஆரம்பமானது. பசுபதி மேடையைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார். ஆயிரம் ஆனது. அவர் கழுத்து சிவந்திருந்தது. ஒரு நிமிஷம் எழுந்து போய்விடுவார் என்றுதான் சேனாபதி நினைத்தான். போயிருந்தால் திங்கட்கிழமை அவனுக்கு வேலையும் இருந்திருக்காது, விசாவும் இருந்திருக்காது. பசுபதி பேனாவை எடுத்தார். இத்தனை மாதம் படிக்காத காகிதத்தை அந்த அவசரத்திலும் ஒருமுறை ஓட்டிப் படித்தார். இந்த வேலைக்குத் தகுந்த ஆள் இந்த நாட்டில் கிடைக்கவில்லை என்ற வரி வந்ததும் மூக்கால் லேசாகச் சிரித்தார்.

"இதுல பொய் ஒண்ணும் இல்லப்பா," என்றார். இரண்டு இடத்திலும் போட்டார்.

மை காய்வதற்கு சேனாபதி ஊதினான். ஆயிரத்து நூறு. காகிதத்தை மடித்து உள்பையில் வைத்தான்.

"கார்டு வர எத்தனை நாளாகும்?" என்று பசுபதி மேடையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ரெண்டு வருஷம்னு சொல்றாருங்க வக்கீல். இழுத்தா அதுக்கு மேலயும் ஆகுமாம்."

"அதுவரைக்கும் நான் ஒரு லெட்டர் போட்டு வாபஸ் வாங்கலாம், இல்ல?"

கேட்ட விதத்தில் மிரட்டலே இல்லை. மழை வருமா என்று கேட்பதுபோல இருந்தது. வாங்கலாங்க சார் என்றான் சேனாபதி. வக்கீல் அதையும் சொல்லியிருந்தார்.

பசுபதி கோட்டின் ஓரத்தை ஒரு விரலால் தூக்கிப் பிடித்தார். முன்வரிசைக் கிழவி திரும்பிப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்து திரும்பிக்கொண்டாள். ஏலம் விடுகிறவர் ஆயிரத்து இருநூறு என்றார், மறுபடியும் ஆயிரத்து இருநூறு என்றார். சேனாபதி தொடைக்கடியிலிருந்த அட்டையை இடது கையில் எடுத்துக்கொண்டு, வலது கையைக் கோட்டுக்குள் விட்டான். உள்ளே பசுபதியின் கை கதகதப்பாகக் காத்திருந்தது. மூன்று விரலைப் பிடித்தார். சேனாபதி அட்டையைத் தூக்கினான்.